அப்டேட்டுக்குப் பின் பிரவுசர் தானாக மூடிக்கொள்கிறதா? அன்இன்ஸ்டால் செய்யும் முன் இதைப் படியுங்கள்

நேற்று இரவு வரை எல்லாம் நன்றாக ஓடியது. காலையில் கணினியைப் போட்டால் சிஸ்டம் அப்டேட் முடிந்தது என்று ஒரு செய்தி. பிரவுசரைத் திறந்தால் வெறும் வெள்ளைச் சாளரம் ஒன்று வந்து, இரண்டு நொடியில் காணாமல் போகிறது. திரும்பத் திறந்தாலும் அதேதான்.

இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது, பிரவுசரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன். பிரவுசரில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று நிரல். இன்னொன்று உங்கள் புரொஃபைல், அதாவது புக்மார்க், பாஸ்வேர்ட், எக்ஸ்டென்ஷன், அமைப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறை. நிரலை நீக்கினாலும் புரொஃபைல் பொதுவாக அப்படியேதான் கிடக்கும். பழுது புரொஃபைலில் இருந்தால், புதிதாகப் போட்ட நிரலும் அதையே திறந்து அதே இடத்தில் விழும். பழுது கிராஃபிக்ஸ் டிரைவரில், அதாவது கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளில் இருந்தால், பிரவுசரைப் பத்து முறை மாற்றிப் போட்டாலும் பயன் இல்லை. குரோமை நீக்கும்போது, உலாவல் தரவையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கட்டம் வரும். அவசரத்தில் அதில் டிக் போட்டு, பல வருடமாகச் சேர்த்த புக்மார்க்குகளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கீழே சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். நாலு விஷயத்தை ஒன்றாக மாற்றிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தால், எதனால் தீர்ந்தது என்று தெரியாமல் போகும். அடுத்த அப்டேட்டில் அது திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் கவனியுங்கள்: எது விழுகிறது, எப்போது விழுகிறது

இன்றைய பிரவுசர் ஒரே நிரலாக ஓடுவதில்லை. 2008-இல் குரோம் வந்ததிலிருந்தே ஒவ்வொரு டேபுக்கும் கிட்டத்தட்ட ஒரு தனி செயல்முறை (ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் நிரல் பகுதி), படம் வரைய ஒன்று, இவற்றை மேய்க்கத் தாய்ச் செயல்முறை ஒன்று என்று பிரித்து ஓட்டுகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸும் இப்போது அப்படித்தான். அதனால் எது விழுகிறது என்பதே ஒரு துப்பு.

ஒரு டேப் மட்டும் விழுந்து, ‘ஆ, ஸ்னாப்’ போன்ற செய்தியுடன் மற்றவை ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தளம், ஓர் எக்ஸ்டென்ஷன் அல்லது நினைவகப் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். முழு பிரவுசரும் மறைந்தால் புரொஃபைல், கிராஃபிக்ஸ், அல்லது பிரவுசருக்குள் நுழையும் வேறொரு மென்பொருள். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்தாலோ கணினியே உறைந்தாலோ பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த உடனேயா, வீடியோ ஓடும்போதா, பக்கத்தை வேகமாக நகர்த்தும்போதா, பத்து நிமிடம் கழித்தா? ஒரு தாளில் நாலு வரி எழுதினால் போதும். அப்புறம் அது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

படி 1: முழுமையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்

எல்லோரும் சொல்வதுதானே என்று இதைத் தாண்டிவிடாதீர்கள். பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் அதன் கோப்புகளை மாற்றிவிட்டால், நினைவகத்தில் பழைய தாய்ச் செயல்முறை இருக்கும், வட்டில் புதிய கோப்புகள் இருக்கும். நீங்கள் ஒரு புது டேப் திறக்கும்போது இரண்டும் பொருந்தாமல் அது விழும். லினக்ஸில் இது அடிக்கடி நடக்கும். ஃபயர்ஃபாக்ஸ் இதைக் கண்டுபிடித்து, மறுதொடக்கம் செய்யச் சொல்லி ஒரு பக்கத்தையே காட்டும். என்விடியா டிரைவர் மாறியிருந்தாலும் இதே கதைதான். கெர்னலில், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியில், பழைய பகுதியும் வெளியே புதிய நூலகமும் இருந்தால், ரீஸ்டார்ட் செய்யும் வரை இரண்டும் ஒத்துப்போகாது.

விண்டோஸில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஷட் டவுன்’ கொடுத்துத் திரும்பப் போட்டால் அது முழு மறுதொடக்கம் ஆகாமல் போகலாம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கும் கணினிகளில், அணைக்கும்போது கெர்னலின் நிலையை வட்டில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘ரீஸ்டார்ட்’ என்பதையே அழுத்துங்கள்.

திரும்பி வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். சிஸ்டம் அப்டேட் பாதியில் நிற்கிறதா? பிரவுசருக்கே புதிய பதிப்பு காத்திருக்கிறதா? சில நொடியாவது பிரவுசர் திறந்திருக்கும் என்றால், உதவி மெனுவில் ‘அபவுட்’ என்பதைத் திறந்தாலே அது தானாகத் தேடிப் போட்டுக்கொள்ளும். வட்டில் இடம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட் பழைய விண்டோஸை அப்படியே ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளும். அது பல ஜிபி பிடிக்கும். இடம் தீர்ந்துபோனால் பிரவுசரால் புரொஃபைலில் எழுத முடியாமல் தடுமாறும்.

படி 2: எதையும் தொடும் முன் புரொஃபைலை நகல் எடுங்கள்

பிரவுசரை முழுதாக மூடிவிட்டு நகல் எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்த நகல் பாதி எழுதிய கோப்புகளுடன் வரலாம்.

விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் ‘ஆப்டேட்டா’ என்று ஒன்று மறைந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டும் அமைப்பைப் போட்டால் தெரியும். குரோமுக்கு அதற்குள் ‘லோக்கல்’, ‘கூகுள்’, ‘குரோம்’, ‘யூசர் டேட்டா’ என்று போகவும். ஃபயர்ஃபாக்ஸுக்கு ‘ரோமிங்’, ‘மொசில்லா’, ‘ஃபயர்ஃபாக்ஸ்’, ‘புரொஃபைல்ஸ்’. அந்தக் கோப்புறையை முழுதாக வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் கவனம் தேவை. குரோம், விண்டோஸில் பாஸ்வேர்ட்களை உங்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டி வைக்கிறது. அதனால் கோப்புறையை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் புக்மார்க் கிடைக்கும், பாஸ்வேர்ட் கிடைக்காது. ஃபயர்ஃபாக்ஸில் பாஸ்வேர்ட்கள் ‘லாகின்ஸ்’ என்ற ஜேசன் கோப்பிலும், அதற்கான சாவி ‘கீ4’ என்ற டிபி கோப்பிலும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும், ஒன்று மட்டும் இருந்து பயனில்லை.

கணக்கில் சிங்க் செய்திருக்கிறேன், எதற்கு நகல் என்று தோன்றலாம். சிங்க் என்பது பேக்கப் அல்ல. இங்கே அழிந்தது அங்கேயும் அழிந்துவிடும்.

படி 3: எக்ஸ்டென்ஷன்கள் இல்லாமல் திறந்து பாருங்கள்

ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே திறங்கள். மேக்கில் ஆப்ஷன் விசை. ‘டிரபிள்ஷூட் மோட்’ வேண்டுமா என்று கேட்கும். முன்பு இதன் பெயர் ‘சேஃப் மோட்’. அருகிலேயே ‘ரிஃப்ரெஷ்’ பொத்தானும் இருக்கும், அதை இப்போது அழுத்த வேண்டாம்.

குரோமிலும் எட்ஜிலும் மறைநிலைச் சாளரம் ஓரளவு இதே வேலையைச் செய்யும். நீங்களாக அனுமதித்தாலொழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது.

இந்த நிலையில் நன்றாக ஓடினால், எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸின் டிரபிள்ஷூட் மோட், எக்ஸ்டென்ஷன்களோடு ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. இரண்டில் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காக வழக்கமான நிலைக்குத் திரும்பி, எக்ஸ்டென்ஷன்களை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டதா? சரி, அவற்றில் ஒன்றுதான். போகவில்லையா? படி 4-க்கு வாருங்கள்.

எந்த எக்ஸ்டென்ஷன் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கத் தேவையில்லை. பாதிப் பாதியாகப் பிரியுங்கள். 16 இருந்தால் 8-ஐ மட்டும் இயக்குங்கள். விழுந்தால் குற்றவாளி அந்த 8-இல், விழாவிட்டால் மற்ற 8-இல். பிறகு 4, பிறகு 2. நாலே முயற்சியில் ஆள் சிக்கிவிடும்.

படி 4: கிராஃபிக்ஸ்

சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு கிராஷ் என்றால் என் முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான் போகும். பக்கத்தை வரைவது, வீடியோவை விரிப்பது போன்ற கனமான வேலைகளை பிரவுசர் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கிறது. இதுதான் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன். நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்ப்பது டிரைவர். சிஸ்டம் அப்டேட் அந்த டிரைவரை மாற்றிவிடலாம், நீங்கள் கேட்காமலே கூட. பிரவுசரில் ஓர் எழுத்துகூட மாறாமலே அது விழத் தொடங்குவதற்கு இதுவே போதும்.

என் மடிக்கணினியில் ஒருமுறை இப்படி நடந்தது. பிரவுசர் திறந்தது, செய்தித் தளங்கள் வந்தன, மின்னஞ்சல் வந்தது. வரைபடத் தளத்தைத் திறந்து பெரிதாக்கினால் மட்டும் மொத்தமும் மறைந்தது. டெர்மினலிலிருந்து பிரவுசரை இயக்கிப் பார்த்தேன். சாளரம் மறைந்த அதே நொடியில் டெர்மினலில் கடைசியாக வந்து நின்ற வரி, ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) செயல்முறை எதிர்பாராமல் நின்றது என்றது. வரைபடம் முழுக்க முப்பரிமாணமாக வரையப்படுவது, செய்திப் பக்கம் அப்படி இல்லை. ஆக்ஸிலரேஷனை நிறுத்திவிட்டு அதே வரைபடத்தைப் பெரிதாக்கினேன். கொஞ்சம் திக்கித் திணறியது, ஆனால் விழவில்லை. காரணம் புரிந்துவிட்டது.

நிறுத்தும் இடம்: குரோமிலும் எட்ஜிலும் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய், கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என்ற சுவிட்சை அணைத்து, பிரவுசரைத் திரும்பத் தொடங்குங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஜெனரல்’ பக்கத்தின் கீழே ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதி. அதில் பரிந்துரைத்த அமைப்புகள் என்ற டிக்கை எடுத்தால்தான் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் கண்ணில் படும்.

செட்டிங்ஸைத் திறப்பதற்குள்ளேயே விழுகிறதா? ஃபயர்ஃபாக்ஸை ஷிஃப்ட் வழியில் திறந்து மாற்றுங்கள். குரோமுக்கு அதன் ஷார்ட்கட்டில் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்டீஸ்’ எடுங்கள். ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் இருப்பதை அழிக்காமல், கடைசி மேற்கோள் குறிக்கு அப்பால் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு, ‘டிசேபிள்’, ஒரு சிறுகோடு, ‘ஜிபியூ’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து எழுதித் திறங்கள். வேலை முடிந்ததும் இதை நீக்கிவிடுங்கள்.

ஆக்ஸிலரேஷனை அணைத்ததும் சரியாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிட வேண்டாம். வீடியோ பார்க்கும்போது கணினி சூடாகும், பேட்டரி வேகமாகக் குறையும். டிரைவரைச் சரிசெய்வதுதான் தீர்வு. விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதன் கீழ் உங்கள் சிப்பை வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்டீஸ்’, ‘டிரைவர்’ போனால், ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் இருக்கும். அது மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று பொருள். அப்போது இன்டெல், ஏஎம்டி, என்விடியா இவற்றில் உங்களுடையது எதுவோ, அவர்களின் தளத்திலோ மடிக்கணினித் தயாரிப்பாளர் தளத்திலோ எடுத்துப் போடுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். லினக்ஸில், கணினி தொடங்கும்போது வரும் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால், புதிய கெர்னல்தான் காரணமா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரிசெய்தபின் சுவிட்சைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

படி 5: புது புரொஃபைல்

இன்னும் விழுகிறதா? காலியான ஒரு புரொஃபைலில் திறந்து பாருங்கள். குரோமை மூடிவிட்டு, முன்பு சொன்ன ‘யூசர் டேட்டா’ கோப்புறைக்குள் இருக்கும் ‘டிஃபால்ட்’ என்பதன் பெயரை மட்டும் மாற்றுங்கள், அழிக்காதீர்கள். குரோம் திறக்கும்போது புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸில் புரொஃபைல் மேனேஜர் வழியாகப் புதியது உருவாக்கலாம். முகவரிப் பட்டையில் ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘புரொஃபைல்ஸ்’ என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டினால் அந்தப் பக்கம் வரும்.

காலி புரொஃபைல் நன்றாக ஓடினால் நிரலிலும் டிரைவரிலும் பழுதில்லை, உங்கள் பழைய புரொஃபைல்தான் கெட்டிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் ‘ரிஃப்ரெஷ்’ இப்போது கைகொடுக்கும். புக்மார்க், வரலாறு, பாஸ்வேர்ட் இருக்கும். எக்ஸ்டென்ஷன்களும் தீமும் போகும். பழைய தரவை டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையாக வைத்துவிடும்.

பழைய பதிப்புக்கு இறங்கிப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பு முதல், புதிய ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட புரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும். அது பழுது அல்ல, தரவு கெடாமல் இருக்கப் போட்ட தடை.

படி 6: கணினியே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படியுங்கள்

விண்டோஸ் ஒவ்வொரு கிராஷையும் பதிவு செய்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்புக் குறி உள்ள நாளை அழுத்தி, உங்கள் பிரவுசர் பெயருக்கு அருகே விவரத்தைத் திறங்கள். அதில் ‘ஃபால்டிங் மாட்யூல் நேம்’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே இருக்கும் கோப்பின் பெயர் என், வி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா டிரைவர். ‘ati’ என்றால் ஏஎம்டி. ஐ, ஜி என்றால் இன்டெல். படி 4-க்குத் திரும்புங்கள். ‘என்டிடிஎல்எல்’ என்றிருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். விண்டோஸின் அடிப்படைக் கோப்பு அது. வேறு யாரோ செய்த தவறுக்கு அங்கே வந்து விழுவது சாதாரணம்.

உங்கள் ஆன்டிவைரஸின் கோப்புப் பெயர் அங்கே இருந்தால் அது நல்ல துப்பு. சில பாதுகாப்பு மென்பொருள்கள் தம் கோப்புகளை பிரவுசருக்குள் செருகிக் கண்காணிக்கும். 2019 அக்டோபரில் குரோம் 78 வந்தபோது இதுவே பெரிய சிக்கலானது. அந்தப் பதிப்பு, கையொப்பம் சரியில்லாத கோப்புகள் டேப் செயல்முறைக்குள் நுழைவதைத் தடுத்தது. சைமன்டெக் எண்ட்பாயின்ட் புரொடெக்‌ஷனின் பழைய பதிப்புகள் வைத்திருந்தவர்களுக்கு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘ஆ, ஸ்னாப்’ மட்டுமே வந்தது. ஆன்டிவைரஸை அப்டேட் செய்ததும் சரியானது. ஆகவே ஆன்டிவைரஸை முதலில் அப்டேட் செய்யுங்கள், நீக்குவது பிறகு.

மேக்கில் ‘கன்சோல்’ செயலியின் ‘கிராஷ் ரிப்போர்ட்ஸ்’ பகுதி இதே வேலையைச் செய்யும்.

படி 7: அப்டேட்டையே திரும்பப் பெறுவது

மற்ற எல்லாம் பார்த்தபிறகுதான் இது. அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தங்களும் இருக்கும், அதை நீக்கினால் அவையும் போகும். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘அப்டேட் ஹிஸ்டரி’க்குள் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ இருக்கிறது. தேதியைப் பார்த்து, கிராஷ் தொடங்கிய நாளில் வந்ததை மட்டும் நீக்குங்கள். பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால், பொதுவாக 10 நாட்களுக்குள் ‘கோ பேக்’ கொடுத்துப் பழைய பதிப்புக்குப் போகலாம். அதற்குப் பிறகு பழைய விண்டோஸ் கோப்புறை தானாக அழிந்துவிடும். வட்டில் இடம் வேண்டும் என்று அதை அவசரமாக நீங்களே அழித்தாலும் இந்த வழி அடைபட்டுவிடும்.

கைபேசியில் நடந்தால்

ஆண்ட்ராய்டில் பிரவுசர் மட்டுமின்றி மற்றச் செயலிகளும் விழுந்தால் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்பதைப் பாருங்கள். செயலிகளுக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதி அது. 2021 மார்ச்சில் அதில் வந்த ஒரு கோளாறால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் உலகெங்கும் திறந்த உடனே மூடிக்கொண்டன. பிளே ஸ்டோரில் வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்வதே தீர்வாக இருந்தது. இன்றும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். செயலியின் ‘கேஷ்’ மட்டும் அழிப்பதில் ஆபத்தில்லை. ‘ஸ்டோரேஜ்’ அல்லது ‘டேட்டா’ அழித்தால் சிங்க் ஆகாதவை எல்லாம் போய்விடும்.

உங்கள் கணினியில் தவறே இல்லாமலும் இருக்கலாம்

2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுவதும் ஃபயர்ஃபாக்ஸ் திடீரென உறைந்து நின்றது. அன்று புதிய அப்டேட் எதுவும் பயனர்களுக்கு வரவில்லை. வெளியே ஒரு சர்வரில் நடந்த அமைப்பு மாற்றம், ஃபயர்ஃபாக்ஸின் எச்டிடிபி3 (சர்வரோடு பேசும் ஒரு புதிய முறை) பகுதியில் ஏற்கெனவே ஒளிந்திருந்த ஒரு பிழையைத் தட்டி எழுப்பியது, அது முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக்கொண்டது. சில மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். அதற்குள் புரொஃபைலை அழித்தவர்கள் இழந்தது இழந்ததுதான். எனவே திடீரென்று விழுந்தால், வேறொரு பிரவுசரிலோ கைபேசியிலோ தேடி, மற்றவர்களுக்கும் இப்படியா என்று பாருங்கள். பலருக்கும் என்றால் ஒரு நாள் பொறுங்கள். எப்போதும் இரண்டாவதாக ஒரு பிரவுசர் கணினியில் இருக்கட்டும்.

எல்லாம் முயன்றும் தீரவில்லை என்றால் உதவி கேட்க வேண்டியதுதான். ‘பிரவுசர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் கேட்டால் யாராலும் உதவ முடியாது. சிஸ்டத்தின் பெயரும் பதிப்பும், பிரவுசரின் பதிப்பு எண், கிராஃபிக்ஸ் சிப், எந்தத் தேதியில் தொடங்கியது, மேலே உள்ளவற்றில் எதையெல்லாம் செய்து என்ன ஆனது என்று எழுதுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால், ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘கிராஷஸ்’ என்று தட்டினால் அறிக்கைகளின் பட்டியல் வரும். அனுப்பப்படாதவற்றை அங்கிருந்தே அனுப்பலாம். அனுப்பியவற்றின் எண், ‘bp’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணை உங்கள் கேள்வியோடு சேர்த்துக் கொடுங்கள். நிரல் எந்த இடத்தில் விழுந்தது என்பதை உருவாக்குநர்கள் அதைத் திறந்து நேரடியாகப் பார்த்துக்கொள்வார்கள்.